மலையில் விளையும் சாமை, மலைப் பிள்ளையின் தட்டில் எங்கே?

கோடை விடுமுறை விட்டால் சேலத்துக்கு வரும் வண்டிகளில் பாதி ஏற்காட்டுக்குத் திரும்பிவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வரும் குடும்பங்கள் ஏரியில் படகு ஏறி, பகோடா பாயின்ட் பார்த்து, கிளியூர் அருவிப் பக்கம் இறங்கி, வழியெல்லாம் எதையாவது தின்றபடி போகின்றன. அதே நாட்களில் அதே மலையின் கிராமங்களில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. காலை உணவும் மதிய உணவும் நின்றுபோகின்றன. வந்த பிள்ளைகளுக்கு வேண்டாத தீனி மிதமிஞ்சிக் கிடைக்கிறது. இருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டிய சோறு குறைகிறது. இரண்டையும் சரிசெய்யும் உணவு அந்த மலையின் காட்டிலும் கொல்லையிலுமே விளைகிறது. அதைத் தட்டுக்குக் கொண்டுவரத்தான் நாம் இன்னும் மெனக்கெடவில்லை.

ஏற்காட்டுக்கு மட்டும் உரிய கவலை அல்ல இது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம். பருமன் முந்திக்கொண்டது இதுவே முதல் முறை. அதே ஆண்டு மே மாதத்தில், பிள்ளைகள் சாப்பிடும் தின்பண்டங்களில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் பலகைகளை வைக்கும்படி சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் சிக்கலானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. 6 மாதம் முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 சதவீதமாக இருந்தது. பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதத்தினருக்கு அளவுக்கு மீறிய எடை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. பல நேரங்களில் ஒரே பெண்ணின் உடம்பிலும் இருக்கின்றன. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன.

ஊருக்கு விடுமுறை, மலைக்குப் பஞ்சகாலம்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஆண்டுக் கணக்கு சுற்றுலா வருபவர்களின் கணக்குக்கு நேர் எதிரானது. காப்பிப் பழம் பறிக்கும் வேலை கார்த்திகை வாக்கில் தொடங்கி மாசியில் ஓய்ந்துவிடும். மிளகு பறிப்பும் அதையொட்டி முடிந்துவிடும். அதன் பிறகு தோட்டங்களில் கூலி வேலை குறைவு. மானாவாரிக் காட்டில் விதைக்க மழை வர வேண்டும். ஆக, சித்திரையும் வைகாசியும் கையில் காசு மெலிந்திருக்கும் மாதங்கள். பள்ளிச் சாப்பாடு நிற்பதும் சரியாக அப்போதுதான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியபோது, முதல் கட்டமாகச் சேர்க்கப்பட்ட 1,545 பள்ளிகளில் மலைப் பகுதிப் பள்ளிகளும் இருந்தன. பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்ற நினைப்பு போற்றத்தக்கது. அதே பிள்ளைக்கு மே மாதத்திலும் வயிறு இருக்கிறது. நகரத்து நடுத்தரக் குடும்பத்தில் விடுமுறை என்றால் வீட்டுச் சமையல் கூடும். தோட்ட வேலைக்கு விடிவதற்குள் கிளம்பும் தாயின் வீட்டில் விடுமுறை என்றால், முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவதுதான். மதியத்துக்குப் பெட்டிக்கடையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

இந்த இடைவெளி யாருக்கும் தெரியாதது அல்ல. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20-ல் உத்தரவிட்டிருக்கிறது. கேரளத்தில் விடுமுறைக்கு முன்பு பிள்ளைகளிடம் அரிசி கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாடும் சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்கே கொடுத்தது. அன்று முடிந்தது ஒவ்வொரு கோடையிலும் முடியும்.

சாமை ஏன் போனது?

இந்த மலையில் சாமை, கேழ்வரகு, தினை எல்லாம் அன்றாடச் சோறாக இருந்த காலம் உண்டு. மழைக்கு விதைத்து, ஊடே துவரையும் அவரையும் போட்டு, மழை விலகும் தறுவாயில் அறுத்தார்கள். ஒரே காட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்தன. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் காப்பியையும் பேரி முதலான பழ மரங்களையும் இங்கே கொண்டுவந்த பிறகு மலையின் முகம் மெல்ல மாறியது. ஆனாலும் தோட்டத்துக்கு வெளியே, கிராமத்துக் காடுகளில் சாமை நெடுங்காலம் தாக்குப்பிடித்தது.

அது பின்வாங்கியதற்கு மக்களைக் குறை சொல்வது அநியாயம். 2008-ல் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய்க்கு வந்தது. 2011 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த அரிசி பசியைப் போக்கியது. அதைக் கேலி பேசும் உரிமை ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காதவர்களுக்கு இல்லை. மாதம் தவறாமல் கைக்கு வரும் அரிசியை விட்டுவிட்டு, மழையை நம்பி விதைத்து, குருவிக்கும் காட்டு மாட்டுக்கும் காவல் இருந்து, அறுத்துக் குத்திப் புடைத்துச் சாப்பிடு என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது.

குத்துவதுதான் உண்மையான தடை. கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கிவிடலாம். சாமைக்கு மேலே வழவழப்பான உமி கெட்டியாக ஒட்டியிருக்கும். காயவைத்து, உரலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, உலக்கையால் பதமாகக் குத்த வேண்டும். ஓங்கிப் போட்டால் அரிசி நொறுங்கிக் குருணையாகிவிடும். மெல்லப் போட்டால் உமி கழலாது. பிறகு முறத்தில் புடைத்து உமியை ஊதிவிட்டு, மீண்டும் உரலில் போட்டு, மீண்டும் புடைத்து, கடைசியில் தண்ணீரில் கல் அரிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகு எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகப் போய்விடும். ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோற்றுக்கு ஒரு பெண்ணின் அரை நாள் போய்விடும். தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டு வரும் பெண்ணிடம் இதைக் கேட்பது கொடுமை. சிறுதானியத்தின் பெருமையைப் பேசும் மேடைகளில் இந்த உலக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே சாமையை மலைக்கு மீட்பது என்பது முதலில் உமி நீக்கும் இயந்திரத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது. பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நீண்ட காலம் பணியாற்றிக் கற்ற பாடங்களில் ஒன்று இது. விதை இருந்தது, நிலம் இருந்தது, ருசி மறக்கவில்லை. குத்தித் தர வழி இருந்த இடங்களில் சாமை தங்கியது. இல்லாத இடங்களில் மரவள்ளிக்கிழங்கு வந்து உட்கார்ந்துவிட்டது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், கைக்கு ரொக்கம் வரும் என்பதால் அது இயல்பாக நடந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஒரு விநோதம் நிகழ்ந்துவிட்டது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மாநகரக் கடைகளில் சாமை அரிசி பளபளக்கும் பையில் ஏறியது. இன்று அது பொன்னி அரிசியைவிட விலை கூடியது. சர்க்கரை நோய்க்கு அஞ்சும் நகரத்தவர் சாமை சாப்பிடுகிறார்; அதை விதைத்தவரின் பேரப்பிள்ளை வெள்ளைச் சோறும் பாக்கெட் தீனியும் சாப்பிடுகிறது. இது தானாகச் சரியாகாது.

அற்புதம் அல்ல, நல்ல சோறு

சிறுதானியத்தைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவதால் நன்மையைவிடத் தீமையே அதிகம். சாமையில் இரும்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். பழைய அட்டவணையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் என்று இருந்தது உண்மை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணை 1.26 மில்லிகிராம் என்கிறது. ரத்தசோகைக்குச் சாமையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆனால் அதே அட்டவணை சாமைக்கு வேறு பெருமைகளைக் கொடுக்கிறது. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 2.8 கிராம், சாமையில் 7.7 கிராம். புரதமும் அரிசியைவிடக் கூடுதல். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். அரிசியில் 8-க்கும் கீழே. வளரும் எலும்புக்கு இது பெரிய வித்தியாசம். கேழ்வரகில் இரும்புச்சத்தும் 4.6 மில்லிகிராம் இருக்கிறது.

அந்த இரும்பு உடம்பில் சேர வேண்டுமானால் கூடவே வைட்டமின் சி வேண்டும். அதற்கும் மலையிலேயே வழி இருக்கிறது. ஏற்காட்டுக்கு ஆரஞ்சுதான் பேர். கொய்யாவில் இருக்கும் வைட்டமின் சி, ஆரஞ்சில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல். கேழ்வரகு அடை தின்ற பிள்ளையின் கையில் ஒரு கொய்யாவைக் கொடுத்தால் போதும். இரும்பு உடம்பில் சேர உதவும் நல்ல கூட்டு அது.

காப்பி விளையும் மலையில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். சோற்றோடு சேர்த்தோ, சாப்பிட்ட கையோடோ குடிக்கும் காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்கும்படி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. காலையில் வரக்காப்பியும் பன்னும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் வீடுகள் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. காசு செலவில்லாமல் நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய பழக்கம் இது.

அதே வழிகாட்டி, ஒருநாள் உணவில் தானியம் 250 கிராமோடு நிற்கட்டும், காய்கறியும் கீரையும் 400 கிராம் இருக்கட்டும் என்கிறது. நம் வீட்டுத் தட்டுகளில் இது தலைகீழாக இருக்கிறது. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவுக்குச் சாமையை மலைபோல் குவித்துச் சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது. 2023-ல் வெளியான தேசிய ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்றது. அவர்களுக்கு அளவும் முக்கியம், கூடவே இருக்கும் காயும் பருப்பும் முக்கியம்.

விடுமுறைச் சமையலுக்கு மலை தருவது

பண்டிகை, விடுமுறை என்றால் எண்ணெயும் சர்க்கரையும்தான் என்பது பிற்பாடு வந்த பழக்கம். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் ஊரெங்கும் கூழ் ஊற்றுவார்கள். கோயில் வாசலில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கூழும் சின்ன வெங்காயமும் பண்டிகை உணவுதானே? மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது. பொங்கல் வைக்கச் சாமை அரிசியைவிடப் பொருத்தமானது இந்த மலையில் எது?

சாமைப் பொங்கல் செய்வது எளிது. ஒரு தம்ளர் சாமை அரிசியைக் களைந்து கல் அரித்து, கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். கால் தம்ளர் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்துச் சேர்த்து, நான்கு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் குழைய வேகவிட வேண்டும். நெய்யில் சீரகம், இடித்த இஞ்சி, கறிவேப்பிலை, அந்த மலையிலேயே காய்த்த மிளகு. அரிசிப் பொங்கல்போல் நேரம் ஆக ஆக இறுகிவிடும் என்பதால், இறக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். தொட்டுக்கொள்ளச் சௌசௌ கூட்டு. மலையில் பந்தல் போட்டால் மடமடவென்று காய்க்கும் காய் அது.

வைகாசியில் பலாவும் மாங்காயும் ஒன்றாக வரும். சுற்றுலா வருபவர்கள் சாலையோரத்தில் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை வீசிவிட்டுப் போகிறார்கள். பலாக்கொட்டையை நிழலில் உலர்த்தி, நசுக்கித் தோல் உரித்து, துவரம்பருப்போடு வேகவைத்து, புளிக்குப் பதில் மாங்காய்த் துண்டு போட்டுக் குழம்பு வைத்தால் சேலத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் விருந்து வேண்டாம். கொட்டையில் மாவுச்சத்தோடு புரதமும் இருக்கிறது. வேகவைத்த கொட்டையை முருங்கைக்கீரையோடு தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டினால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். 2018-ல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்த கேரளம், பலாவிலிருந்து மாவும் வற்றலும் செய்து விற்கிறது. நாம் கொட்டையை இன்னும் சாலையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தாகத்துக்கு நீர்மோர் இருக்கிறது. 250 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை. பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் முழுவதற்கும் 25 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதற்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வெல்லம் போட்ட பானகம் நம்முடையது என்பதற்காக அளவில்லாமல் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். திருவிழாவுக்கு ஒரு தம்ளர் போதும்.

மொறுமொறுப்பு கேட்கும் பிள்ளைகளுக்குச் சேலத்திலேயே ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது: தட்டுவடை செட். சின்னச் சின்னத் தட்டைகள் இரண்டுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், மேலே காரச் சட்னியும் புதினாச் சட்னியும். தமிழ்நாட்டின் தெருத் தீனிகளில் பச்சைக் காய்கறி இவ்வளவு தாராளமாக இடம்பெறும் தீனி வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தட்டையில் கேழ்வரகு மாவும் சாமை மாவும் கலந்து, மீண்டும் மீண்டும் காய்ச்சிக் கறுத்துப்போகாத நல்ல எண்ணெயில் சுட்டு, ஏற்காட்டில் ஏரிக்கரையில் விற்றால் வாங்க ஆள் இல்லாமல் போகாது.

கொழு கொழு வேண்டாம்

ஏற்காட்டில் ஆண்டுதோறும் மே மாதம் கோடை விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி எல்லாம் நடக்கட்டும். அவற்றோடு ‘கொழு கொழு குழந்தைகள் போட்டி’யும் நடத்தப்படுகிறது. நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்ட போட்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை அரசு விழாவே பரப்பக் கூடாது. பூசினாற்போல் இருக்கும் குழந்தைக்கும் ரத்தசோகை இருக்கலாம். மலைக் கிராமத்தில் மெலிந்த உடம்போடு, வயதுக்கேற்ற உயரத்தோடு ஓடியாடும் குழந்தையின் தாய், பரிசு மேடையைப் பார்த்துத் தன் பிள்ளைக்கு ஏதோ குறை என்று நினைத்துவிடக் கூடாது.

போட்டியின் பெயரையும் அளவுகோலையும் மாற்றினால் அதே மேடை பயனுள்ளதாகிவிடும். ஓராண்டில் வயதுக்கேற்ற உயரமும் எடையும் கூடிய குழந்தைக்குப் பரிசு. ஹீமோகுளோபின் கூடிய தாய்க்குப் பரிசு. மலைக் கிராமங்களின் அங்கன்வாடிப் பணியாளர்கள் எடை, உயரப் பதிவேடு வைத்திருக்கிறார்கள்; புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

விழாத் திடலிலும் மாற்றம் வேண்டும். இப்போது ஏற்காட்டில் தெருவெல்லாம் கிடைப்பது மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், நூடுல்ஸ், பஞ்சு மிட்டாய். மைதாவும் எண்ணெயும் கீழேயிருந்து ஏறி வருகின்றன; மலையில் விளைந்தது மூட்டையாகக் கீழே இறங்குகிறது. தின்றுபோட்ட உறைகள் கிளியூர் அருவிக்குப் போகும் பாதையெங்கும் கிடக்கின்றன. ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்துதான் கிளியூர் அருவி. மழை வந்ததும் கரையில் வீசிய குப்பையும் அந்த வழியாகத்தான் பள்ளத்துக்குப் போகும். கொய்யாத் தோலும் பலாச் சக்கையும் மண்ணோடு மண்ணாகிவிடும்.

இனி என்ன செய்யலாம்?

முதல் வேலை பள்ளியில். காலை உணவுத் திட்டத்தில் அரிசி, ரவைக்குப் பதிலாக அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தைப் பயன்படுத்த இடம் இருக்கிறது. ஏற்காடு ஒன்றியப் பள்ளிகளில் வாரம் இரண்டு நாளாவது சாமை உப்புமாவோ கேழ்வரகு இட்லியோ கட்டாயமாகட்டும். சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவினர்தான். அவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் நமக்குச் சொல்லித்தருவார்கள்.

விடுமுறை விடும் அன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பை கொடுத்தனுப்பலாம். கேழ்வரகு மாவு, சாமை அரிசி, பருப்பு, நிலக்கடலை. முட்டையை அங்கன்வாடி வழியாகவோ சத்துணவுக் கூடம் வழியாகவோ வாரம் ஒரு முறை கொடுக்கலாம். முதலில் தமிழ்நாட்டின் மலை ஒன்றியங்களில் மட்டும் தொடங்கினால் செலவு அரசைத் திணறடிக்காது. ஒடிசா 2017-ல் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, 2020-ல் கியோஞ்சர் என்ற பழங்குடி மாவட்டத்தின் அங்கன்வாடிகளில் கேழ்வரகு லட்டு கொடுக்க ஆரம்பித்தது. உள்ளூரில் கொள்முதல் செய்து உள்ளூர்க் குழந்தைக்கே கொடுப்பது என்ற அந்த வழி நமக்கும் பொருந்தும்.

ரேஷன் கடையில் மாற்றம் கொண்டுவருவதற்குச் சட்டமே துணை நிற்கிறது. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தது. அடுத்து ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் அது வர வேண்டும். கட்டாயப்படுத்தாமல், வேண்டியவர் விரும்பி வாங்கும்படி இருக்க வேண்டும்.

விலை இல்லாமல் விதை மண்ணில் விழாது. சிறுதானியங்களில் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகிய மூன்றுக்குத்தான் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26-ல் கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மலை உழவர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். மாநில அரசே சாமைக்கு ஒரு கொள்முதல் விலையை அறிவித்து, மலைப் பகுதிகளில் இயங்கும் ‘லேம்ப்’ என்ற பழங்குடியினர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வாங்கிப் பள்ளிக்கும் ரேஷனுக்கும் கொடுத்தால், உழவருக்கும் பிள்ளைக்கும் நடுவே இடைத்தரகர் தேவைப்படாது.

உமி நீக்கும் இயந்திரத்தைப் பற்றி மேலே சொன்னேன். ஐந்தாறு கிராமங்களுக்கு ஒன்று போதும். ஆனால் அதைப் பெண்கள் குழுவின் பொறுப்பில் விட வேண்டும். பழுது பார்க்க ஆள் வேண்டும், மின்சாரம் நிலையாக இருக்க வேண்டும். இயந்திரத்தைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, பெல்ட் அறுந்து மூலையில் கிடந்தால் பழையபடி உலக்கைதான்.

சமவெளியில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. கடையில் ‘சிறுதானிய நூடுல்ஸ்’, ‘மில்லட் பிஸ்கட்’ என்று எழுதியிருப்பதை நம்பிக் கூடையில் போடுவதற்கு முன்பு பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்கும். முதல் பெயர் மைதா என்றோ கோதுமை மாவு என்றோ இருந்தால் அது சிறுதானியப் பண்டம் அல்ல. சிறுதானிய மாவுக் கலவைகளுக்கு ஜி.எஸ்.டி. மன்றம் 2023 அக்டோபரில் வரியைக் குறைத்தபோதே, எடையில் 70 சதவீதமாவது சிறுதானியம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. உங்கள் சமையலறைக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். சாமை அரிசி வாங்கும்போது, வெள்ளை வெளேரென்று தீட்டியதைவிடச் சற்று மங்கலாகத் தவிடு ஒட்டியிருப்பதை வாங்குங்கள். சீக்கிரம் சிக்கு வாசம் வந்துவிடும் என்பதால் கொஞ்சமாக வாங்கி, உடனுக்குடன் தீர்த்துவிடுங்கள்.

இந்த விடுமுறைக்கு ஏற்காடு போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வளைவுகளில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வண்டியை நிறுத்துங்கள். “அக்கா, கொய்யா என்ன விலை?” என்று கேட்டு, சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்குங்கள். வெட்டி உப்பு மிளகாய் தூவி ஈ மொய்க்க வைத்திருப்பதைத் தவிர்த்து, முழுப் பழமாக வாங்கிக் கழுவிச் சாப்பிடுங்கள். தங்கும் விடுதியில் காலைச் சிற்றுண்டிக்குச் சாமைப் பொங்கல் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்வார்கள். கிளம்பும்போது மறுபடியும் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு சீசனுக்கு நூறு பேர் கேட்டால், அடுத்த சீசனில் அந்த விடுதி சாமைக்கு ஆள் அனுப்பும்.